பதினான்கு மீட்டர் சண்டை

எங்கள் வீட்டில் நடந்த சண்டையின் நீளம் சரியாகப் பதினான்கு மீட்டர்.

மற்ற வீடுகளில் சண்டையை யாரும் அளந்து பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அளந்தோம். அளந்ததால்தான் சண்டையே வந்தது.

சண்டை போட்டவர்கள் என் அப்பாவும் மாமாவும். அப்பா தையல்காரர். மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, நாலு கடை தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். திங்கள் முதல் சனி வரை ஒருவர் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் யாருடைய சான்றிதழையோ நகல் எடுத்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பூமிக்குள் இறங்கிவிடுவார்கள். கூடவே நானும்.

எனக்குப் பதினொரு வயது. குகைக்குள் என் பெயர் புழு. பெரியவர்கள் நுழைய முடியாத சந்தில் நெளிந்து நுழைந்துவிடுவேன் என்பதால் மாமா வைத்த பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. ‘சிங்கம்’ என்று வைத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

“குகையில அப்படி என்னதான் இருக்கு?” என்று வகுப்பில் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், சேறு இருக்கிறது. முழங்கை சிராய்க்கும். முதுகில் குளிர்ந்த நீர் சொட்டும், அதுவும் சரியாகக் காலருக்குள்.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து, மூன்று பேரும் விளக்கை அணைத்துவிட்டால் ஓர் இருட்டு வரும் பாருங்கள். வீட்டு இருட்டு மாதிரி இல்லை அது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது. முதல் தடவை நான் பயந்துபோய் என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அப்புறம் காது திறந்துகொள்ளும். எங்கோ ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு வரும்வரை உலகத்தில் வேறு எதுவும் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் எல்லா இடத்தையும் யாரோ ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். குகையில் மட்டும், நாம் விளக்கைத் திருப்பினால், அங்கே விழும் வெளிச்சம்தான் அந்தச் சுவருக்கு முதல் வெளிச்சம். அந்தச் சுவர் பிறந்ததிலிருந்து யாருக்காகவோ காத்திருந்தது மாதிரி இருக்கும். அதற்கு வாய்த்தது நான்.

அம்மா ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. மேலே இருக்கும் வீட்டைப் பெருக்கி முடிக்கவே நேரமில்லை, கீழே வேறு போய் என்ன பார்ப்பது என்பார். ஆனால் நாங்கள் திரும்ப வேண்டிய நேரம் அம்மாவிடம்தான் இருக்கும். நான்கு மணிக்குள் போன் வராவிட்டால் அம்மா தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவில் மிக முக்கியமான ஆள் அம்மாதான். அவர் கால் மட்டும்தான் சுத்தமாக இருக்கும்.

இரண்டு வருடமாக நாங்கள் குகைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம்.

வேலை இப்படி நடக்கும். நான் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவேன். பாறையில் ஓர் இடத்தில் விரல் வைப்பேன். அதற்குப் ‘புள்ளி’ என்று பெயர். பின்னால் இருக்கும் மாமா திசைகாட்டியை வைத்து என் விளக்கைப் பார்த்து, எத்தனை பாகை என்று படிப்பார். அவருக்கும் பின்னால் அப்பா நோட்டில் எழுதுவார்.

எழுதும் முன் ஒரு விதி உண்டு. மாமா சொன்ன எண்ணை அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். மாமா “சரி” என்று சொல்ல வேண்டும். அந்தச் “சரி” வராமல் பென்சில் தாளைத் தொடக் கூடாது. இருட்டில் தப்பு நடக்காமல் இருக்க அவர்களே போட்ட விதி அது.

குகை வாசலிலிருந்து இடது வழி ஒன்று, வலது வழி ஒன்று. இரண்டும் உள்ளே ஒரே பெரிய அறையில்தான் போய்ச் சேரும். முதலில் இடது வழியை அளந்தோம். அடுத்த மாதம் வலது வழியை அளந்தோம். அது வயிற்றால் ஊர வேண்டிய குறுகல் வழி. பிறகு ஜெராக்ஸ் கடை மேசையில் பெரிய தாளை விரித்து மாமா வரைந்தார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

இடது கோடு போய் அறையில் சேர்ந்தது. வலது கோடும் போய் அறையில் சேர்ந்தது. ஆனால் வேறு அறையில். ஒரே அறை தாளில் இரண்டு இடத்தில் இருந்தது. நடுவில் ஏழு சென்டிமீட்டர். குகைக் கணக்கில் பதினான்கு மீட்டர்.

முதலில் சிரித்தார்கள். பிறகு மறுபடி வரைந்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வலது வழியில் மாமா தப்பாகப் படித்திருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அப்பா தப்பாக எழுதியிருக்க வேண்டும் என்று மாமா சொன்னார். கொஞ்ச நேரம் மரியாதையாகவே போனது.

பிறகு அப்பா, “சோடாபுட்டி கையில திசைகாட்டியக் குடுத்தா இப்படித்தான்” என்றார்.

மாமாவின் கண்ணாடி தடிமனானது. சின்ன வயதில் தெருவே அவரை அப்படிக் கூப்பிட்டு அழவைத்திருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரே ஆள் அப்பாதான் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

மாமா பென்சிலைக் கீழே வைத்தார். “எட்டாவது தாண்டாதவர் கையில நோட்டக் குடுத்தது என் தப்புதான்” என்றார்.

அப்பாவின் அப்பா இறந்தபோது அப்பா எட்டாவது படித்துக்கொண்டிருந்தார். மறுநாளே தையல் மெஷினில் உட்கார்ந்தார். அது மாமாவுக்கும் தெரியும்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு மூன்று வாரம் மழை. வெளியேயும் மழை, வீட்டுக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மாமா வரவில்லை. அம்மா பழக்க தோஷத்தில் நாலு தட்டு வைப்பார். பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைப்பார். சுவர்க்கடிகாரம் மட்டும் எங்களுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

அம்மா இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“ரெண்டு பேரும் குகைக்குள்ள தொலைஞ்சிருந்தா ஆள் அனுப்பித் தேடலாம். வீட்டுக்குள்ளயே தொலைஞ்சுட்டா எங்க போய்த் தேடறது?”

அந்த வாரம் அப்பா கயிறு, ஹெல்மெட், திசைகாட்டி, நோட்டு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, கடையில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். உயரமான கட்டடங்களில் ஜன்னல் துடைப்பவர் ஒருவர் அப்பாவிடம் சட்டை தைத்துக்கொள்வார். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து சாக்கை எடுத்துக்கொள்ள அவரிடம் சொல்லியிருப்பதாக அப்பா சொன்னார். கயிறு சும்மா கிடந்தால் மட்கிப்போகுமாம். அவருக்காவது உதவட்டுமாம்.

அப்படியென்றால் குகை முடிந்தது. புழுவும் முடிந்தது. இனி நான் வெறும் ஆறாம் வகுப்பு.

கடை மூடும் முன் தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்குவது என் வேலை. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று இருக்கிறது. அதைத் தரையில் இழுத்துக்கொண்டே போனால் ஊசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். புதன்கிழமை அப்படி இழுத்துக்கொண்டே மேசைக்கு அடியில் போனேன். சாக்கு இருந்தது. சும்மா இருக்க முடியுமா? திசைகாட்டியை எடுத்துத் தரையில் வைத்து, முள் வடக்கைக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து எத்தனை நாளாயிற்று.

காந்தத்தை இந்தப் பக்கம் நகர்த்தினேன். முள் திரும்பி என்னைப் பார்த்தது.

அந்தப் பக்கம் நகர்த்தினேன். அந்தப் பக்கம் திரும்பியது. வடக்கை அது மறந்தே போய்விட்டது. சோறு வைக்கும் ஆளின் பின்னால் போகும் நாய்க்குட்டி போல, காந்தம் போகும் பக்கமெல்லாம் போனது.

நான் காந்தத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

வலது வழியை அளந்ததற்கு முந்தைய நாள், மாமாவின் குகை உடுப்பு கடையில் இருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் அந்த முரட்டு உடுப்புக்கு அப்பா முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்தார். ஒட்டில் ஊசி எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்று நான் காந்தத்தை ஓட்டினேன். அப்போது யாரோ அளவு கொடுக்க வந்தார்கள். காந்தம் தொலைந்துவிடக் கூடாதே என்று, மிகவும் பொறுப்பாக, அதே உடுப்பின் நெஞ்சுப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன்.

எடுக்க மறந்துவிட்டேன்.

மாமாவின் பையில் எப்போதும் பாதி வீடு இருக்கும். கூட ஒரு கனம் இருந்ததை அவர் கவனித்திருக்க மாட்டார். குறுகல் வழியில் குப்புறப் படுத்துக்கொண்டு, திசைகாட்டியை மோவாய்க்குக் கீழே பிடித்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நெஞ்சுக்கும் திசைகாட்டிக்கும் நடுவே ஒரு சாண் கூட இருந்திருக்காது. திங்கட்கிழமை அம்மா அந்த உடுப்பைத் துவைக்கப் போட்டபோது பையில் காந்தம் இருந்ததற்கு என்னைத் திட்டியதும் ஞாபகம் வந்தது. துவைக்கும் மெஷினுக்குத்தான் ஆபத்து என்று நினைத்தோம்.

மாமா சரியாகத்தான் படித்தார். அப்பா சரியாகத்தான் எழுதினார். அந்தப் பதினான்கு மீட்டரும் என்னுடையது.

இந்த இடத்தில் ‘நான் உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன்’ என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் காந்தத்தை டிராயரில் வைத்து மூடிவிட்டு, வீட்டுக்குப் போய், இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

அப்பா மாமாவைக் குற்றம் சொல்லியிருந்தார், மாமா அப்பாவை. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அது அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாக்கும் போய்விடும். பிறகு கண்டுபிடிக்க யாரும் இல்லை.

வியாழக்கிழமை முழுக்க அப்படியே இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணியில் கோடு போடும் சாக்கட்டியைத் தேடி அப்பாவின் மேசை டிராயரைத் திறந்தேன். அடியில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. யாருடைய சட்டை அளவோ என்று பிரித்தேன்.

வரிசை வரிசையாக எண்கள். ஒரு வரி முழுக்க ஒன்று. ஒரு வரி முழுக்க ஏழு. ஒரு வரி முழுக்க நான்கு. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் எழுதிப் பழகுவது போல, கோட்டைத் தாண்டாமல், அழுத்தி அழுத்தி. அப்பாவின் கையெழுத்து.

நான் தாளை மடித்து வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு காலரைத் தைத்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது.

அப்பா மெஷினை நிறுத்தினார். திசைகாட்டியையும் காந்தத்தையும் கேட்டார். அவரே மெதுவாக நகர்த்திப் பார்த்தார். முள் சுற்றியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டு வராததுதான் பயமாக இருந்தது.

“உன்னத் திட்டணும்தான்” என்றார் கடைசியில். “ஆனா திட்டறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லம்மா.”

“மாமாகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்ப்பா.”

“சொல்லு. எண்ணு தப்பா இருந்தா ரப்பரால அழிச்சுடலாம். நான் அவன என்ன சொன்னேன்னு நீயும்தான கேட்ட?”

“கேட்டேன்.”

“அது அழியாது.”

அவர் மறுபடி காலரை எடுத்துக்கொண்டார். ஆனால் மெஷின் ஓடவில்லை.

மழையில் நனைந்துகொண்டே மாமா கடைக்குப் போனேன். உள்ளே ஒருவர் ஏதோ பத்திரத்தை நகல் எடுக்க வந்திருந்தார். மாமா பத்திரத்தில் ஒரு வரியைக் காட்டி, அதில் போட்டிருப்பது எட்டுதானா என்று அவரையே படிக்கச் சொன்னார். எட்டுதான் என்றார் அவர். மாமா தலையாட்டினார். மேசையில் பூதக்கண்ணாடி ஒன்று புதிதாக இருந்தது.

அவர் போனதும் நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். காந்தத்தை மேசையில் வைத்தேன். தாளில் மாட்டும் கிளிப்புகள் நாலைந்து துள்ளிவந்து ஒட்டிக்கொண்டன. மாமா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றார். யாரோ மூன்றாம் மனிதரின் கண்ணைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். “மூணு வாரமா ஒவ்வொரு தாளையும் ரெண்டு ரெண்டு தடவ படிச்சுக்கிட்டு இருக்கேன், புழு.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் ஈரத் தலையைத் துடைக்க ஒரு துண்டு கொடுத்தார். மறந்து பையில் போட்டதற்கு என்ன செய்வது என்றார். ஆனால் முகம் தெளியவில்லை. அப்பாவின் படிப்பைப் பற்றித் தான் சொன்னது மறதி இல்லையே என்றார். தெரிந்தே சொன்னாராம்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். பதினான்கு மீட்டர் போய்விட்டது. அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் அப்படியே இருந்தன. இப்போது இரண்டு பேரிடமும் கோபம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. கோபமே தேவலை. கோபம் வந்தவர் வாசல்வரை வந்து கத்தவாவது செய்வார்.

நான் கொஞ்ச நேரம் துண்டுக்குள் இருந்தேன். அங்கேதான் யோசிக்க வசதியாக இருந்தது. பிறகு தலையை வெளியே நீட்டி, வலது வழியை மறுபடி அளக்க வேண்டும் என்றேன். மூன்று பேர் இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பதும் அவர்கள் போட்ட விதிதான். ஞாயிறு சாயங்காலம் சாக்கு போய்விடும். ஞாயிறு காலை மட்டும்தான் இருக்கிறது.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?” என்றார் மாமா.

“மூஞ்சி எதுக்கு மாமா? உள்ள இருட்டுதான?”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு, வருகிறேன், ஆனால் பேசச் சொல்லக் கூடாது, எண் மட்டும்தான் சொல்வேன் என்றார்.

திரும்பிப் போய் அப்பாவிடம் கேட்டேன். கடைசியாக ஒருமுறை வருகிறேன், ஆனால் பேசச் சொல்லக் கூடாது, எண் மட்டும்தான் சொல்வேன் என்றார். இரண்டு பேரும் கலந்து பேசி முடிவெடுத்தது போல இருந்தது.

மழை சனிக்கிழமை நின்றது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று வரிசையில் உட்கார்ந்தோம். நான் நடு வரிசை.

குகை வாசலில் அப்பா முதலில் தண்ணீரைப் பார்த்தார். சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் அதைத் தொட்டால் உள்ளே போகக் கூடாது. தண்ணீர் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. மாமா தன் பைகளை எல்லாம் காலி செய்து ஒரு பாறைமேல் வைத்தார். இரண்டு பாதிப் பென்சில், பேட்டரி, சீப்பு, பிஸ்கட், ஒரு திருகாணி, யாருடையதோ சாவி. நானும் என் பைகளைத் திருப்பிக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் காட்டினேன்.

உள்ளே போனோம். வலது வழி எப்போதும் போல ஈரமாகவும் இறுக்கமாகவும் இருந்தது. நான் முன்னால் ஊர்ந்தேன். எட்டு மீட்டர் போய்ப் பாறையில் விரல் வைத்து, “புள்ளி” என்றேன்.

“நூத்தி பன்னெண்டு” என்றார் மாமா.

“நூத்தி பன்னெண்டு” என்றார் அப்பா.

“சரி.”

அவ்வளவுதான். தகர டப்பாவை மூடித் திறப்பது போல இருந்தது இரண்டு குரலும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. குகையில் நான் அதுவரை கேட்டதிலேயே மோசமான அமைதி அதுதான்.

நான் படுத்தபடியே கணக்குப் போட்டேன். போன தடவை இந்த வழிக்குப் பத்தொன்பது புள்ளிகள். பத்தொன்பது “சரி” முடிந்தால் பெரிய அறை வந்துவிடும். அப்புறம் பஸ். அப்புறம் சாக்கு. பத்தொன்பது போதவே போதாது.

ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே அதிகபட்சம் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. குறைந்தபட்சம் எவ்வளவு என்று யாரும் விதி போடவில்லை.

நான் ஒரு மீட்டர் ஊர்ந்தேன். “புள்ளி.”

“என்ன புழு, அதுக்குள்ளயா?”

“இந்தத் தடவ தப்பு வரக் கூடாதில்ல மாமா.”

மாமா படித்தார். அப்பா திருப்பிச் சொன்னார். மாமா சரி என்றார். நான் இன்னும் ஒரு மீட்டர் ஊர்ந்தேன்.

இருபதாவது புள்ளியில் அப்பா இருமினார். இருபத்தாறாவது புள்ளியில், அங்கே தலையில் இடிக்கும் என்று மாமா சொன்னார். சுவரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் சுவருக்குத் தலை கிடையாது. முப்பத்தொன்றாவது புள்ளியில் அப்பா, பழைய நோட்டில் இங்கே நூற்று நாற்பது என்று இருக்கிறது, இப்போது நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது என்றார். அது எண்தான், ஆனால் யாரும் கேட்காத எண்.

நாற்பத்து நான்காவது புள்ளியில் மாமா எண் சொல்லவில்லை.

நான் விரலைப் பாறையில் வைத்தபடி காத்திருந்தேன். என் வயிற்றுக்குக் கீழே சேறு சில்லென்று இருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் சத்தம் கேட்டது.

“அத்தான்” என்றார். “இது நூத்தி அறுபத்து மூணா, அறுபத்து எட்டான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்க கொஞ்சம் பாருங்க.”

துணி பாறையில் உரசும் சத்தம் வந்தது. அப்பாவுக்கு அந்த இடம் மிகவும் இறுக்கம். மூச்சு வாங்க வாங்க ஊர்ந்து வந்து மாமாவின் பக்கத்தில் தலையை நுழைத்தார். இரண்டு ஹெல்மெட்டும் லேசாக மோதிக்கொண்டன.

“மூணு” என்றார் அப்பா. பிறகு, “எனக்கும்தான் தெளிவாத் தெரியல. எழுத்து அவ்ளோ பொடிசா இருக்கு” என்றார்.

“ம்.”

“இந்தா, நோட்டப் பாரு. போன புள்ளிக்கு நான் எழுதினது ஒண்ணு மாதிரி இருக்கா, ஏழு மாதிரி இருக்கா?”

மாமா நோட்டை வாங்கும் சத்தம் கேட்டது.

“அழகா இருக்கு அத்தான்” என்றார். “ஏழுதான்.”

அதற்கப்புறம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் என் விளக்கை அணைத்துவிட்டேன். ஒட்டுக்கேட்பது தப்பு, ஆனால் விளக்கை அணைத்தால் காது திறந்துகொள்ளும் என்பதும் உண்மை. இரண்டையும் சமன் செய்ய ஒரு காதைப் பாறையில் அழுத்திக்கொண்டேன். மிச்சக் காதில் வார்த்தை விழவில்லை, முணுமுணுப்புதான் விழுந்தது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கினார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். குகையில் எல்லோருக்கும் சளி பிடிக்கும்.

விரல் மரத்துப்போனது. நான் எடுக்கவில்லை. புள்ளி வைத்தவர் விரலை எடுக்கக் கூடாது, அதுவும் ஒரு விதி.

பிறகு அப்பாவின் குரல் தெளிவாக வந்தது. ஜன்னல் துடைப்பவருக்கு வேறு நல்ல கயிறாகத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, நாளைக்கே சேர்ந்து போகலாம் என்றார் மாமா. அப்பா எதற்கோ சிரித்தார். ரொம்ப நாள் ஓடாத மெஷின் முதல் தையல் போடுவது போல, திக்கித் திக்கி.

“புழு” என்று கூப்பிட்டார் மாமா. “இருக்கியா, தூங்கிட்டியா?”

“இருக்கேன் மாமா.”

“நூத்தி அறுபத்து மூணு.”

“நூத்தி அறுபத்து மூணு” என்றார் அப்பா.

“சரி அத்தான்.”

நான் விளக்கைப் போட்டேன். எனக்கு முன்னால் வழி முடிந்து, பெரிய அறையின் இருட்டு திறந்துகிடந்தது. மிச்சம் இருந்தது ஒரு முழம்தான்.

“இன்னும் எத்தனை புள்ளிம்மா இருக்கு?” என்று கேட்டார் அப்பா.

“நிறைய இருக்குப்பா” என்றேன். அந்த ஒரு முழத்தில் ஐந்து புள்ளி வைத்தேன்.